கேப்ட்சா போட்டால் போதுமா?

‘பதிவுப் படிவத்தில் கேப்ட்சா போட்டுவிட்டால் ஸ்பேம் கணக்கு ஒன்றுகூட உள்ளே வராது’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. படத்தில் இருப்பதைக் கண்டுபிடிக்கச் சொல்லி, வந்திருப்பது மனிதர்தானா என்று சோதிப்பதுதான் கேப்ட்சா. அது தானாக இயங்கும் நிரலைத்தான் தடுக்கும், ஆளை அல்ல. ஆயிரம் கேப்ட்சாவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, ஆட்களை வைத்துத் தீர்த்துத் தரும் சேவைகள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. ஆனால் பார்வையற்றவர்கள் அந்தப் படத்தின் முன் தவித்து நிற்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

நான் கவனித்துக்கொள்ளும் மாடித்தோட்டக் குழுவில் ஒரு புதுக் கணக்கு, ‘பயனுள்ள தகவல், நன்றி.’ என்று மூன்று இடங்களில் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தது. இரண்டு வாரம் கழித்து அதே வரிகளைத் திருத்தி, முற்றுப்புள்ளிக்குள் ஒரு கடன் செயலியின் சுட்டியை ஒளித்து வைத்திருந்தார்கள்! கேப்ட்சாவைத் தாண்டி வந்த கணக்குதான் அது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் பொதுவாகப் புதுக் கணக்குக்கு 4 நாள் ஆகி, 10 திருத்தங்களும் செய்த பிறகுதான் பகுதி பூட்டப்பட்ட பக்கங்களில் கை வைக்க முடியும். கேப்ட்சாவை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதோடு, புதியவர்கள் சுட்டி போடுவதற்குச் சில நாள் தடை வையுங்கள். அப்புறம், பழைய பதிவைத் திருத்தும் வசதியை ஒரு நாளோடு நிறுத்துங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான்.