இரத்து பொத்தானும் ரகசிய எண்ணும்

ஏடிஎம்மில் அட்டையைச் செருகுவதற்கு முன் ‘கேன்சல்’ பொத்தானை இருமுறை அழுத்தினால் ரகசிய எண் திருடப்படாது என்று இந்திய ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. ரிசர்வ் வங்கி அவ்வாறு கூறவில்லை. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் இது பொய் என்று அறிவித்துள்ளது.

அந்தப் பொத்தான் இயந்திரத்தில் நடந்துகொண்டிருக்கும் பரிவர்த்தனையை மட்டுமே நிறுத்தும். திருடர்களோ அட்டை செருகும் வாயில் அட்டை விவரங்கள் பதிந்த காந்தப்பட்டையை நகலெடுக்கும் கருவியையும், எண்பலகையின் மேல் போலிப் பலகையையும் அல்லது அதை நோக்கிய சிறு கேமராவையும் தனியாகப் பொருத்துகிறார்கள் என்பதால், இயந்திரத்துக்கு நாம் இடும் எந்தக் கட்டளையும் அவற்றைத் தொடுவதில்லை. செய்தியை நம்பியவர் அதற்குப் பிறகு கையால் மறைக்காமல் எண்ணைத் தட்டுகிறார் என்பதுதான் இதிலுள்ள உண்மையான ஆபத்து.

எண்பலகையை மறு கையால் மூடுவது கேமராவை முறியடிக்கும். போலிப் பலகையை முறியடிக்காது. ஆகவே செருகுவாயோ பலகையோ அசைந்தால் வேறு இயந்திரத்தை நாடுவதே சரி. பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும், இணையவழி நிதி மோசடிக்கான அரசின் உதவி எண்ணான 1930-க்கும் தெரிவிக்க வேண்டும். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாத மோசடியை, அந்தப் பரிவர்த்தனை பற்றி வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது.