டி.சி. கொடுத்துவிட்டால் கஞ்சா போய்விடுமா?

மூன்று நாட்களாக அந்த வீடியோ என் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கிறது. தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கும் பையனின் முகம் தெரிகிறது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் அவன் அம்மாவின் முகமும் தெரிகிறது. எந்தப் பள்ளி என்பது வேண்டாம், நடந்தது இதுதான். பையனின் பையில் கஞ்சாப் பொட்டலம். மறுநாளே டி.சி. கொடுத்துப் பள்ளியைவிட்டு அனுப்பிவிட்டார்கள். வீடியோவுக்குக் கீழே "சரியான முடிவு" என்று கைதட்டல்.

எனக்கு வயிறு எரிகிறது. டி.சி. கொடுப்பது தண்டனை. அதைத் தடுப்பு நடவடிக்கை என்று சொல்லாதீர்கள். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை இனி அவன் எங்கே போவான்? பொட்டலத்தைக் கொடுத்தவனிடம்தான் போவான். அவனுக்கு மட்டும்தான் இந்தப் பையன் இன்னமும் வேண்டியவன்.

இதுவரை இங்கே எழுதாத ஒன்றை எழுதுகிறேன். என் தம்பிக்கு 1994-இல் இதுதான் நடந்தது. திருநெல்வேலிப் பேட்டையில் இருந்தோம். அப்பா இறந்து ஒரு வருடம். அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்கவைத்தார். மடியில் முறம், முறத்தில் இலையும் புகையிலைத் தூளும். ஒருநாள் துவைப்பதற்காகத் தம்பியின் சட்டையை எடுத்தவர், பைக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். "இது நம்ம தூள் இல்லையே" என்றார். அப்போது அவன் ஒன்பதாம் வகுப்பு. அப்பா போன துக்கம், கணக்கில் தொடர்ந்து தோல்வி, கடைசி பெஞ்சு, குறுக்குத்துறைப் படித்துறையில் சேர்த்துக்கொண்ட பெரிய பையன்கள். வேறு என்ன வேண்டும்?

அம்மா நேராக வகுப்பாசிரியரிடம் போய்ச் சொன்னார். காட்டிக்கொடுக்கப் போகவில்லை, உதவி கேட்கப் போனார். ஒரே வாரத்தில் டி.சி.யைக் கையில் கொடுத்தார்கள். அதன்பிறகு அம்மா எவரிடமும் வாய் திறக்கவில்லை. தம்பி லாரிக்குக் கிளீனராகப் போனான். அங்கே அவனைக் கேட்பதற்கு ஆளே இல்லை. அதிலிருந்து மீள அவனுக்குப் பதினோரு வருடம் ஆயிற்று.

இப்போது இந்த டி.சி.யைப் பார்த்த ஒவ்வொரு தாயும் என்ன கற்றுக்கொண்டிருப்பாள்? பிள்ளையின் பையில் எதைக் கண்டாலும் மறைத்துவிட வேண்டும் என்பதைத்தான்.

"அண்ணாச்சி, உங்கள் பிள்ளை பக்கத்தில் அவன் உட்கார்ந்தால் சம்மதிப்பீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பயம் நியாயமானது, எனக்கும் உண்டு. பையனைக் கண்காணியுங்கள், சில வாரம் தனியாக உட்காரவைத்துக்கூடப் பாடம் நடத்துங்கள். ஆனால் பள்ளிக்குள் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, 10 முதல் 17 வயதுக்குள் கஞ்சா வகைகளைப் பயன்படுத்தும் பிள்ளைகள் நாட்டில் சுமார் 20 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் டி.சி. எழுதப்போகிறீர்களா?

"அவன் விற்றிருந்தால்?" சிறுவனை வைத்து போதைப்பொருள் விற்பவனுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அந்தப் பெரிய மனிதனைத் தேடுங்கள். அவன் முகம் எந்த வீடியோவிலும் இல்லையே!

"கஞ்சா மூலிகைதானே, கனடாவில் சட்டமே அனுமதிக்கிறதே" என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அங்கேயும் சிறுவர்களுக்கு விற்பது குற்றம். மூளை வளர்ச்சி இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது. பள்ளி வயதிலேயே தொடங்குகிறவனுக்கு நினைவாற்றலும் கவனமும் குறைகின்றன. சிலருக்கு மனச்சிதைவு வரைக்கும் போகிறது. தம்பி சுவரோடு பேசியதைப் பார்த்தவன் நான்.

பள்ளிகள் எதுவும் செய்யவில்லையா என்று ஆசிரிய நண்பர்கள் கோபப்படலாம். போதை எதிர்ப்பு நாளான ஜூன் 26 அன்று உறுதிமொழி, பேரணி, பதாகை எல்லாம் நடக்கிறது. நல்லது. மறுநாள்? பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டு பீரியடைக் கணக்குக்குப் பிடுங்கிக்கொள்கிறோம். திங்கள், வெள்ளி மட்டும் வராத பையனின் வீட்டுக்கு யார் போகிறார்கள்? "எல்லோரும்தான் இழுக்கிறார்கள்" என்று அவன் நம்புகிறான். அது பொய், பெரும்பாலான பிள்ளைகள் தொடுவதே இல்லை என்று அவனிடம் யார் சொல்கிறார்கள்? நண்பன் நீட்டும்போது நட்பு முறியாமல் மறுப்பது எப்படி என்று வகுப்பில் பழக்கிக் கொடுக்கலாம். பயமுறுத்தும் படங்களைவிட அதற்குப் பலன் அதிகம். ஒரு பையன் ஒரு ஆசிரியரையாவது தன்னுடையவராக நினைத்தால், படித்துறையின் இழுப்பு பாதி குறையும். என் தம்பிக்கு அப்படி ஒருவர்கூட வாய்க்கவில்லை.

அந்த வீடியோவின் கீழே எத்தனை பேர் "எந்தத் தெருப் பையன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்! எதற்கு? தெருவைத் தெரிந்துகொண்டு மருந்து வாங்கிக் கொடுக்கப்போகிறீர்களா? கையில் கட்டியிருக்கும் சாதிக் கயிற்றின் நிறத்தை வைத்துப் பிள்ளைகளை அளக்கும் புத்தி இதிலும் நுழைய வேண்டுமா? எழுதும்போதே கை நடுங்குகிறது.

வீடியோவை அழித்துவிடுங்கள். அந்தத் தாயைத் தெரிந்தவர்கள் இருந்தால், போதைக்கு அடிமையாகி, தானாக வந்து சிகிச்சையை முடிப்பவர் மீது, சிறிதளவு வைத்திருந்ததற்காக வழக்கு நடத்தாமல் விடுவதற்கு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். 14446 என்ற இலவச எண்ணையும் கொடுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு நானும் என் தம்பியும் கூடவே வருகிறோம். திங்கட்கிழமை இருவருமே விடுப்பு சொல்லியிருக்கிறோம்.