அஸ்தெனெயாவும் கலாத்தியர் 4:13-ம்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ‘பலவீனம்’ என்பதற்கு வரும் சொல் ‘அஸ்தெனெயா’. அது என்றாலே பாவத்துக்கு இணங்கும் மனத்தளர்ச்சி என்று உங்கள் கட்டுரை முடித்துவிட்டது. அப்படிச் சுருக்க முடியாது ஐயா. ‘ஸ்தெனோஸ்’ என்றால் வலிமை; முன்னால் வரும் ‘அ’ இன்மையைக் காட்டுகிறது. வலிமையின்மை, அவ்வளவே. லாசருவின் நோய்க்கு யோவான் 11:4-ல் வருவதும் இதே சொல்தான். அங்கே பாவத்தின் பேச்சே இல்லை.

பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் 4:13-ஐக் கட்டுரை தொடாதது எனக்கு வருத்தம். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘சரீர பலவீனத்தோடே’ பிரசங்கித்தேன் என்று இருக்கிறது. கிரேக்கத்தில் ‘தி அஸ்தெனெயான்’. இந்தத் ‘தி’, ‘தியா’ என்பதன் குறுகிய வடிவம். ‘தியா’ என்னும் முன்னிடைச்சொல் ஆறாம் வேற்றுமையோடு வந்தால் ‘வழியாக’. இங்கே உள்ளதுபோல் இரண்டாம் வேற்றுமையோடு வந்தால் ‘காரணமாக’. அதாவது, உடல்நலம் குன்றியதால்தான் பவுல் கலாத்தியரிடம் முதல்முறை நற்செய்தி சொல்ல நேர்ந்தது! ‘ஓடே’ என்ற உருபில் அந்தக் காரணம் மறைந்துபோகிறது. அடுத்த வசனத்தில், தன் உடலில் இருந்த சோதனையை அவர்கள் அசட்டை பண்ணவில்லை என்று அவர் நன்றியோடு சொல்வதும் இப்படிப் படித்தால்தான் பொருந்துகிறது.

2 கொரிந்தியர் 12:9-ல் இதே சொல் முதலில் ஒருமை, பிறகு ‘என் பலவீனங்கள்’ என்று பன்மை. மறுவசனத்தில் நிந்தை, நெருக்கம், துன்பம் என்று பவுலே விரித்துச் சொல்கிறார். அந்தப் பட்டியலிலும் பாவம் இல்லை. நோயில் கிடப்பவர்களும் இந்தக் கட்டுரையைப் படிப்பார்கள். தயவுசெய்து அந்தப் பத்தியைத் திருத்துங்கள்.