அந்த அட்டவணையை வைத்து யாரும் ‘டாலி ஹோ’ ஆடாதீர்கள்

நேற்று குழுவில் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் ‘டாலி ஹோ’ என்ற கதை விளையாட்டை முடித்துவிட்டுத் தன் பாத்திரம் வார இறுதி முழுக்க எப்படியெல்லாம் சொதப்பியது என்று ஆசையாக எழுதினார். கீழே ஒரு நண்பர் வந்து, “விளையாடத் தெரியாம விளையாடிட்டு அதைப் பெருமையா வேற போடணுமா?” என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல், எந்தப் பக்கத்தில் மேலிருந்து எத்தனையாவது தெரிவை அழுத்த வேண்டும் என்று ஒரு அட்டவணையையும் ஒட்டினார். அதற்கு இதயக்குறிகள் குவிந்தன. மதியத்துக்குள் அந்தப் பெண் பதிவை நீக்கிவிட்டார். அட்டவணை இன்னும் குழுவின் மேலேயே இருக்கிறது.

பணக்காரர் மாளிகையில் நடக்கும் நகைச்சுவைக் கதையில் சொதப்பல் தோல்வி அல்ல. சொதப்பல்தான் கதை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அப்படி ஒரு அட்டவணையைப் போடவே கை வராது.

புதிதாக வந்தவர்களுக்காக: ‘டாலி ஹோ’ 2017-இல் சாய்ஸ் ஆஃப் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட எழுத்து விளையாட்டு, அதாவது கதையைப் படித்துக்கொண்டே, அடுத்து என்ன செய்வது என்று பட்டியலில் ஒரு தெரிவை அழுத்தி நகர்த்துவது. எழுதியவர் கிரெக் சீகல். படம் கிடையாது, ஒலி கிடையாது, 6 லட்சம் சொற்களுக்கு மேல். காலம் 1920-கள். ரோரி என்ற பணக்கார இளவட்டத்துக்கு அந்தரங்க வேலையாள் நீங்கள். பிரிம்ரோஸ் என்ற அத்தை இருக்கிறார், அவரிடம் பணம் இருக்கிறது, அவரை மனம் கோணாமல் வைத்துக்கொள்ள வேண்டும். எஜமானைவிட வேலையாளுக்கு மூளை அதிகம் என்ற பழைய ஆங்கில நகைச்சுவை மரபு அது.

6 லட்சம் சொற்களில் ஒரு ஆட்டத்தில் கண்ணில் படுவது ஒரு பங்குதான். மிச்சம் எங்கே இருக்கிறது? நீங்கள் எடுக்காத வழிகளில், சறுக்கி விழுந்தால் மட்டும் திறக்கிற பத்திகளில். வேலையாள் தொட்டதெல்லாம் துலங்கினால் ரோரி மாட்டிக்கொள்ள மாட்டார். மாட்டிக்கொள்ளாவிட்டால் மீட்கவும் ஒன்றும் இல்லை. மறைத்த பொருள் வெளியே வரவேண்டும், சொன்ன பொய் இன்னொரு பொய்யோடு மோதவேண்டும், தப்பான ஆள் தப்பான நேரத்தில் அறைக்குள் நுழையவேண்டும். இதையெல்லாம் தவிர்க்கும் வழியைத்தான் நண்பர் அட்டவணை போட்டுத் தருகிறார். சிரிப்பு வருகிற இடங்களை ஒன்றுவிடாமல் தாண்டிப் போவதற்கு ஒரு வரைபடம்!

அவர் குழம்பிய இடம் எனக்குத் தெரிகிறது. மாளிகையில் நடக்கும் துப்பறியும் கதையையும் மாளிகையில் நடக்கும் நகைச்சுவைக் கதையையும் ஒன்றாகப் போட்டுவிட்டார். இன்ஃபோகாம் நிறுவனம் 1982-இல் வெளியிட்ட, மார்க் பிளாங்க் எழுதிய ‘டெட்லைன்’ என்ற எழுத்து விளையாட்டு துப்பறியும் வகை. கதைக்குள் உங்களுக்கு 12 மணி நேரம். வீட்டில் இருப்பவர்கள் அவரவர் நேரப்படி நடமாடுவார்கள். நீங்கள் தவறான அறையில் நின்றால் முக்கியமான ஒன்று உங்கள் கண்ணில் படாமலே நடந்து முடிந்துவிடும். போதிய சாட்சியம் இல்லாமல் கைது செய்தால் வழக்கு நிற்காது. அங்கே விடை என்று ஒன்று உண்டு. அதற்கு வழிகாட்டி எழுதுங்கள், நானும் படிக்கிறேன். ஆனால் அத்தை வீட்டு விருந்துக்கு விடை ஏது? அங்கே நீங்கள் யார் என்ற கேள்வி மட்டும்தான் இருக்கிறது.

சரி, கொள்கையை விடுங்கள். அந்த அட்டவணை தொழில்நுட்பமாகவே வேலை செய்யாது. இந்த விளையாட்டுகள் சாய்ஸ்ஸ்க்ரிப்ட் என்ற எளிய மொழியில் எழுதப்படுகின்றன. அதில் ஒரு தெரிவுக்கு நிபந்தனை வைக்கலாம். முன்பு நீங்கள் ஒருவரைச் சந்தித்திருந்தால்தான் அந்த வரி தெரியும். ஒருமுறை எடுத்த தெரிவு அடுத்த முறை மறைந்துபோகும்படியும் செய்யலாம். அப்படியிருக்க ‘மேலிருந்து மூன்றாவது’ என்பது உங்கள் திரையில் வேறு, என் திரையில் வேறு. முதலில் ஒரே ஒரு இடத்தில் விலகினாலும் அதற்குப் பிறகு அட்டவணை உங்களைக் கண்ட இடத்தில் கொண்டுபோய்விடும். நீங்கள் செய்த ஒன்றை விளையாட்டு இரண்டாம் அத்தியாயத்தில் குறித்துவைத்து ஏழாம் அத்தியாயத்தில் சோதிப்பது இந்த மொழியில் சாதாரணம். ஏன் சறுக்கியது என்றே உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று எண்கள். இந்த வகை விளையாட்டுகளில் உங்கள் பாத்திரத்தின் குணங்கள் பெரும்பாலும் சதவீதமாக இருக்கும். சில குணங்கள் எதிரெதிர் ஜோடியாக ஒரே பட்டையின் இரு முனைகளில் இருக்கும். ஒரு பக்கம் துணிவு என்றால் மறுபக்கம் பணிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். துணிவு 70 என்றால் பணிவு 30. இதைக் கூட்டிக் கழிக்க ‘ஃபேர்மேத்’ என்றொரு முறை உண்டு. 20 கூட்டு என்றால் நேரடியாக 20 ஏறாது, 100-க்கு இன்னும் எவ்வளவு மிச்சமோ அதில் 20 சதவீதம்தான் ஏறும். கழித்தல் என்றால் இருப்பதில் 20 சதவீதம் இறங்கும்.

50-இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் துணிந்தே முடிவெடுத்தால் 60, 68, 74, 79 என்று போகும். ஒருமுறை துணிவு, மறுமுறை பணிவு என்று மாற்றி மாற்றி எடுத்தால் 60, 48, 58, 47. நான்கு முடிவுக்குப் பிறகும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறீர்கள். பின்னால் ஒரு காட்சியில் துணிவு 65-க்கு மேல் இருக்கிறதா என்று விளையாட்டு சோதித்தால் இல்லை. பணிவு 65 இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. (எண்கள் விளக்கத்துக்கு நான் எடுத்தவை, கணக்கு முறை உண்மையானது.) ஒவ்வொரு பக்கத்திலும் ‘இங்கே எது புத்திசாலித்தனம்’ என்று தனித்தனியாக யோசித்து அழுத்துகிறவருக்கு நடப்பது இதுதான். எந்தக் குணமும் திரளாமல், எல்லாச் சோதனையிலும் அரைகுறையாக விழுவார்.

இப்போது அந்தப் பெண்ணின் பதிவுக்கு வருகிறேன். அவர் என்ன செய்தார்? அத்தை முன்னால் பொய் சொல்லாத ஒரு வேலையாளாகத் தொடங்கினார், கடைசிவரை அப்படியே ஆடினார். அதனால் ரோரி மாட்டிக்கொண்டார், அதனால் வீடே தலைகீழானது. ஒரே குணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு ஆடியவர் அவர். எழுதியவர் எதிர்பார்க்கிற வாசகர் அவர்தான். அவரைப் பார்த்து விளையாடத் தெரியவில்லை என்கிறார்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

“காசு கொடுத்து வாங்கியிருக்கேன், நல்ல முடிவு வேணும்னு கேட்கிறது தப்பா?” என்பீர்கள். தப்பில்லை. ஆனால் எது நல்ல முடிவு என்று இந்த விளையாட்டு உங்களிடமே விட்டிருக்கிறதே? காதல் கைகூடியதா, வேலை நிலைத்ததா, மானம் தப்பியதா, அத்தை என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் தனித்தனி இழைகள். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று ஓடும். அட்டவணை அவற்றில் ஒரு இழையை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு வெற்றி என்று பெயர் வைக்கிறது.

“திரும்பப் போக வழியில்லையே, ஒரு தப்புக்கு முழுசையும் முதல்ல இருந்து படிக்கணுமா?” இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்த விளையாட்டுகளில் முந்தைய பக்கத்துக்குத் திரும்பும் பொத்தான் இல்லை. விரும்பிய இடத்தில் சேமித்துவைக்கும் வசதியும் பொதுவாக இல்லை. இவ்வளவு நீளமான கதையை மறுபடி தொடங்குவது பெரிய வேலைதான், வேலைக்குப் போய்வந்து இரவில் அரைமணி நேரம் படிக்கிறவருக்கு இன்னும் பெரிய வேலை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைத் தப்பு என்று எண்ணாமல் தொடர்ந்து படித்தால் மறுதொடக்கமே வேண்டியதில்லையே.

“நீங்க ஓவரா உணர்ச்சிவசப்படுறீங்க, வெறும் கேம்.” வெறும் கேம் என்றால் அடுத்தவர் ஆடிய விதத்தைக் கேலி செய்ய ஏன் அவ்வளவு நேரம் செலவழித்தீர்கள்? இதற்கு மேல் இதற்குப் பதில் கிடையாது.

அட்டவணையில் என்னை உண்மையில் உறுத்தியது அதன் கடைசி வரி. ‘சிறந்த முடிவு: ரோரியின் பிரச்சினை எல்லாம் தீர்ந்தது.’ ஆடுவது வேலையாள். வெற்றி மட்டும் எஜமானுக்கு எப்படிப் போனது? அந்தக் காலத்து பிரிட்டனில் பெண்கள் மிக அதிகமாகப் பார்த்த வேலை வீட்டு வேலைதான். 1931 கணக்கெடுப்பில்கூட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு வேலையில் இருந்த பெண்கள் சுமார் 13 லட்சம். அப்படிப்பட்ட ஒருவரின் கண் வழியாக அந்த வீட்டைப் பார்க்க ஒரு எழுத்தாளர் நமக்கு இடம் கொடுத்திருக்கிறார். எஜமான் சுகமாக இருந்தால் போதும் என்று மதிப்பெண் போட்டு முடித்துவிட்டோம்.

எமிலி ஷார்ட்டும் ரிச்சர்ட் எவன்ஸும் 2013-இல் கொண்டுவந்த ‘வெர்சு’ என்ற கதை விளையாட்டுத் தளத்தை நினைத்துப்பாருங்கள். அதன் கதைகளில் ஒரே விருந்தை வெவ்வேறு பாத்திரமாக உட்கார்ந்து ஆடலாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சொந்த ஆசை, சொந்த வெறுப்பு. ஒருவர் சாதித்தது பக்கத்து நாற்காலிக்காரருக்கு அவமானமாக முடியும். அதை வைத்திருந்த லிண்டன் லேப் நிறுவனம் 2014-இல் அதைக் கைவிட்டது பெரிய இழப்பு. அதைக் கொஞ்சம் ஆடியவர்கூட ‘சிறந்த முடிவு’ என்று எழுதுவதற்கு முன்னால், யாருக்குச் சிறந்தது என்று ஒரு நொடி நிற்பார். வேலையாள் எஜமானை மாட்டிவிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போனால் அது ஏன் சிறந்த முடிவாக இருக்கக்கூடாது? பணிவான வேலையாளே நல்ல வேலையாள் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது? விளையாட்டு சொல்லவில்லை. அந்தக் கணக்கு நாம் கொண்டுபோனது.

இந்த வாரம் தொடங்குகிறவர்கள் இப்படிச் செய்துபாருங்கள். முதல் அத்தியாயத்திலேயே உங்கள் வேலையாளுக்கு ஒரு சுபாவம் முடிவு செய்யுங்கள். பொய் சொல்லமாட்டாள், அல்லது எதையும் சமாளித்துப் பேசுவான், அல்லது காரியம் ஆனால் போதும் என்பவர். முதல் மூன்று அத்தியாயங்களாவது அதிலிருந்து விலகாதீர்கள், எண்கள் அங்கேதான் திரளும். குணங்களைக் காட்டும் பக்கத்தை ஒவ்வொரு தெரிவுக்கும் திறக்காமல் அத்தியாயத்துக்கு ஒருமுறை பாருங்கள். அதில் எது உயர்ந்திருக்கிறதோ அதற்குப் பொருந்தும் தெரிவு பெரும்பாலும் கைகொடுக்கும். பொருந்தாத தெரிவை உங்கள் பாத்திரம் எடுத்தே தீருவார் என்று தோன்றினால் தயங்காமல் எடுங்கள். சறுக்கியதும் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். அடுத்த பத்துப் பக்கம் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குழு நிர்வாகிகளுக்கு: அந்த அட்டவணையை மேலேயிருந்து எடுங்கள். எடுக்க மனமில்லை என்றால், முடிவுகள் அதில் வெளிப்படையாக இருக்கின்றன என்று முதல் வரியிலாவது எச்சரிக்கை போடுங்கள். யாருடைய முடிவையும் ‘தப்பு’ என்று சொல்லும் பின்னூட்டங்களை நீக்கும் விதி ஒன்றும் வேண்டும். விதியை எழுதித் தரச் சொன்னால் இன்றிரவே எழுதித் தருகிறேன்.