பானட் இல்லாத வண்டி

ஞாயிற்றுக்கிழமை கோவையில் பழைய வண்டிக் கண்காட்சியில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. என் வண்டியைக் கூட்டத்தில் வைத்துக் கிண்டல் செய்த அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். நான்கு பேர் சிரிப்புப் பொம்மை வேறு சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒருவர் என் மச்சான். கண்காட்சிக்கு முதல் நாள் வண்டியைக் கழுவித் தந்தவரும் அவர்தான்.

மைக் பிடித்த பெரியவர் வண்டிக்கு முன்னால் வந்து நின்று, "பானட்டைத் திறந்து காட்டுங்கள் தம்பி" என்றாரே, அங்கிருந்தே தொடங்குகிறேன். அந்த வண்டிக்குப் பானட் கிடையாது. அது மகிந்திரா எஃப்.சி. 150. ஃபார்வர்டு கண்ட்ரோல் என்பதன் சுருக்கம்தான் எஃப்.சி. எஞ்சினுக்குப் பின்னால் உட்காராமல் எஞ்சினோடு சேர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி. ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே ஒரு தகர மூடி. அதைத் தூக்கினால் எஞ்சின். சாப்பாட்டுத் தூக்கை அந்த மூடி மேல் வைத்தால் ஈரோடு போய்ச் சேரும் வரை சோறு ஆறாது. அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1956இல் கொண்டுவந்த வடிவம் இது. வரைந்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். இங்கே மகிந்திரா 1965இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய வண்டிக்குப் பரிசு கொடுக்க வருபவர் இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பானட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

(எஃப்.சி. வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்கப் போய் வாசலில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்ட கதை தனி. இன்னொரு நாள் சொல்கிறேன்.)

அதையாவது விட்டுவிடலாம். அடுத்து ஒன்று சொன்னார்: "இவ்வளவு செலவு செய்திருக்கிறீர்கள், பெயிண்டையும் கொஞ்சம் பளபளவென்று அடித்திருக்கலாமே." கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், வீடியோவில் தெரிகிறது. அசட்டுச் சிரிப்பு.

ஐயா, அந்தப் பெயிண்ட் பளபளக்காமல் இருக்கத்தான் நான் செலவு செய்தேன்.

தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று அந்த வண்டி எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும். என் கட்சி அவ்வளவுதான். 1968இல் வாங்கிய வேலை வண்டி அது. அடித்திருந்தது எனாமல். இன்றைய கார்களுக்கு அடிப்பது போல நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு அதற்குக் கிடையாது. பம்பருக்கும் பெயிண்ட்தான், குரோமியம் இல்லை. கேபின் மூலையில் வெல்டிங் வைத்த தழும்பு வெளியே தெரியும். அதையெல்லாம் பட்டி பார்த்து, தேய்த்து, மெருகேற்றிக் கல்யாணப் பெண் போல நிறுத்த எனக்கும் தெரியும். டிங்கரிங் செய்தவர் அப்படித்தான் செய்து தருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். வேண்டாம் என்று நான் நின்றேன். கை தேர்ந்த வேலைக்காரரிடம் போய்க் குறைவாகச் செய்யுங்கள் என்று சொல்வது எவ்வளவு பெரிய அவமானம் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

வீடியோவுக்குக் கீழே அந்த நிறத்தை "சாணிப் பச்சை" என்று கிண்டல் செய்திருக்கிறீர்கள். அது எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். வண்டி என் கைக்கு வந்தபோது நீலம். கதவின் உள்பக்கம், கீல் மறைக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். நீலத்துக்குக் கீழே வெள்ளை. வெள்ளைக்குக் கீழே இந்தப் பச்சை. அதற்கும் கீழே ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு, பிறகு தகரம். தேய்த்த இடம் மயில் தோகையின் கண் மாதிரி வளையத்துக்குள் வளையமாக இருந்தது. வெயில் படாத இடம், நிறம் மாறியிருக்காது என்று நினைத்தேன். அது தப்புக் கணக்கு. எனாமல் வெளிச்சம் படாமல் கிடந்தாலும் மஞ்சள் பூக்கும். ஆகவே கதவையே கழற்றிக் களத்தில் சாய்த்து வைத்து ஒரு வாரம் வெயில் காட்டி, அந்த மஞ்சளைக் கொஞ்சம் இறக்கி, அதன் பிறகு கடைக்குத் தூக்கிப் போனேன். ஏழு முறை கலக்கினார்கள். ஏழாவது முறை கடைக்காரரும் அதே சாணிப் பச்சை என்றுதான் சொன்னார். அவரை மன்னிக்கலாம், அவர் கையில் மைக் இல்லை.

கோப்பை வாங்கிய வண்டியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அதுவும் எஃப்.சி.தான். நல்ல வேலைப்பாடு, மறுக்கவில்லை. தீக்குச்சித் தலை மாதிரிச் சிவப்பு, தோல் இருக்கை, அலாய் சக்கரம், எல்.இ.டி. விளக்கு, பவர் ஸ்டீயரிங், வேறொரு வண்டியின் டீசல் எஞ்சின். கேபின் தகரம் மட்டும் பழசு. புது வண்டிக்குப் பழைய முகமூடி மாட்டியிருக்கிறது. அதற்கென்று தனிப் பிரிவு வைத்துக் கோப்பை கொடுங்கள், முதல் ஆளாகக் கை தட்டுகிறேன். "அசல் நிலையில் மீட்கப்பட்ட வண்டி" என்று பலகை எழுதி வைத்துவிட்டு அதன் கீழே அந்த வண்டியை நிறுத்தினால் வயிறு எரியாதா? எரிகிறது. பொறாமை என்று நீங்கள் எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன், உங்களுக்கு வேலை மிச்சம்.

என் வண்டியில் இருப்பது அசல் ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின். நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர். இன்டேக் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். இன்றைய மெக்கானிக்குகள் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீதி வால்வு எங்கே என்று கேட்பார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கேட்காதீர்கள், என் மனைவியிடமே சொன்னதில்லை. 1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோது டீசல் எஞ்சினுக்கு மாற்றிய சம்சாரிகள் எத்தனையோ பேர். அவர்கள் பிழைப்புக்காக மாற்றினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை மேடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த எதற்கு டீசல்?

"யார் வண்டியை யார் எப்படி வைத்துக்கொண்டால் உனக்கென்ன?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எனக்கொன்றும் இல்லை. அசல் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள் என்கிறேன். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதியே இதைத்தான் சொல்கிறது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது. அரசாங்கத்துக்கே புரிந்தது விழாக்காரர்களுக்குப் புரியவில்லை. அதே விதி வணிகம் சாராத சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும்தான் என்பது எனக்குத் தனி வருத்தம். ஜமீன்தார் ஏறிப் போன கார் விண்டேஜ். மஞ்சள் மூட்டை ஏற்றிய வண்டி வெறும் பழைய வண்டி.

இதைக் கொங்கு நாட்டில் நின்றுகொண்டு சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் ஆற்றாமை. 1920இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றை பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கிய மண் இது. நாமக்கல் என்றால் லாரி, திருச்செங்கோடு என்றால் போர்வெல் ரிக், கரூர் என்றால் பஸ் பாடி. வேலை வண்டி போட்ட சோற்றில் வளர்ந்தவர்கள் நாம். கண்காட்சி என்று வந்துவிட்டால் மட்டும் நமக்கு ஊட்டிக்குப் போகும் கார்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

"அந்தக் காசுக்கு இரண்டு குட்டி யானை (டாடா ஏஸ் வண்டி) வாங்கியிருக்கலாம்." வாங்கியிருக்கலாம். அடுத்த கேள்வி.

"உன் வண்டி மட்டும் முழுக்க அசலா?" இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். முழுக்க இல்லை. பெட்ரோல் குழாய்கள் புது ரப்பர். இப்போது வரும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால், பழைய ரப்பரை அது தின்றுவிடும். பின்னால் இரண்டு இண்டிகேட்டர் விளக்கு புதிதாக வைத்தேன். ஈரோடு சாலையில் கையை நீட்டித் திரும்புகிறேன் என்று சொன்னால் உங்களில் யார் நின்று வழி விடுவீர்கள்? எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டிருந்தது. கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் மூன்று மாதம் தேடியும் கிடைக்காமல், கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் வார்த்தோம். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். பழைய மேனிஃபோல்டை அப்படியே அச்சாக வைத்து வார்த்தால் போல்ட் ஓட்டை ஒன்றும் பொருந்தாது. அந்தச் சுருக்கத்தைக் கணக்குப் போட்டு மர அச்சைச் சற்றே பெரிதாகச் செதுக்க வேண்டும். செதுக்கிய பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரலால் தடவித்தான் பார்த்தார். இதை அசல் இல்லை என்று சொல்லுங்கள், தலை வணங்கி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதையும் அலாய் சக்கரத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பின்பெட்டி தொழிற்சாலையில் கட்டியது இல்லை என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். வாழ்த்துகள். எங்கள் வண்டி கேபினும் சேஸிஸுமாகத்தான் வந்தது. பெட்டி எங்கள் ஊர் ஆசாரி கட்டியது, வேப்பம்பலகை. அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து அளவு சொல்ல, ஆசாரி அதைக் காதில் வாங்காமல் தன் அளவுக்கே கட்டினார் என்று ஆத்தா சொல்வார். காலிங்கராயன் வாய்க்கால் தண்ணீரில் விளைந்த மஞ்சள், விரலி தனி மூட்டை, கிழங்கு தனி மூட்டை, அந்தப் பெட்டியில்தான் ஈரோட்டு மண்டிக்குப் போனது. கடைசி நடை 1990இல். அதன் பிறகு வண்டி கட்டுத்தரையில் மாடுகளோடு நின்றது. போன வருடம் பலகைகளைக் கழற்றியபோது இடுக்கில் காய்ந்த மண் போல ஏதோ அப்பிக்கிடந்தது. நகத்தால் சுரண்டினேன். வாசனை போய்விட்டிருந்தது. வியர்வை பட்டதும் விரல் நுனி மஞ்சளானது. சோப்புப் போட்டுக் கழுவியும் மறுநாள் வரை போகவில்லை. உளுத்த இரண்டு பலகைகளைத் தவிர மற்ற எதையும் நான் மாற்றவில்லை. தொழிற்சாலை கட்டாததை ஏன் வைத்திருக்கிறாய் என்றால் பதில் உண்டு, அந்தக் காலத்தில் பல வண்டிகள் இப்படித்தான் விற்பனைக்கு வந்தன. ஆனால் பதில் இல்லாவிட்டாலும் மாற்றியிருக்க மாட்டேன்.

இப்போது வீடியோவின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். பலர் அதற்கு முன்பே பார்ப்பதை நிறுத்தியிருப்பீர்கள்.

ஓட்டுநர் பக்கக் கதவு, ஜன்னலின் கீழ் விளிம்பு. ஓர் அடி நீளத்துக்கு அங்கே பெயிண்ட் இல்லை, வெறும் தகரம் வழவழவென்று தெரியும். பெரியவர் அதைத் தொட்டுக் காட்டி, "பாருங்கள், இங்கே பெயிண்ட் அடிக்கவே மறந்துவிட்டார்" என்றார். சிரிப்பு அங்கேதான் அதிகம்.

மறக்கவில்லை. எங்கள் டிரைவர் அண்ணன் 22 வருடம் முழங்கையை வைத்து ஓட்டிய இடம் அது. நீலம், வெள்ளை, பச்சை, அடியிலிருந்த ரெட் ஆக்சைடு எல்லாம் அங்கே மட்டும் தேய்ந்து தகரம் வெளியே வந்திருந்தது. மற்ற இடங்களுக்குப் பெயிண்ட் அடித்தபோது அங்கே காகிதம் ஒட்டி மறைத்தோம். துருப் பிடிக்காமல் இருக்க வாரம் ஒருமுறை எண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்தது போல, வந்தது போல என்று இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தியவன் இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லப் போவதில்லை.

அந்த அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். எழுபத்தொன்பது வயது. திருப்பூரில் மகன் வீட்டிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்து, காலையிலிருந்து வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றார். வீடியோவில் இடது ஓரத்தில் வெள்ளைச் சட்டை. கூட்டம் கலைந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதையும் அடித்துவிட்டிருக்கலாமே கண்ணு, என்னால் உனக்குக் கோப்பை போய்விட்டதே" என்றார். பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். சின்ன டப்பாப் பெயிண்ட் போதும், ஒரு மணி நேரத்து வேலை, நானே வந்து அடித்துத் தருகிறேன் என்றார்.

விழாக்காரர்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் வண்டியைக் கொண்டுவர மாட்டேன், அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மச்சான், நீங்கள் அந்தச் சிரிப்புப் பொம்மையை அழித்துவிட்டால் தீபாவளிக்குப் பேசலாம்.

கோப்பை வாங்கிய தம்பிக்கு ஒன்றே ஒன்று. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை (கொஞ்சம் இருக்கிறது). டீசல் ஏற்றும்போது கழற்றிப் போட்ட பழைய பெட்ரோல் எஞ்சின் எங்கே? இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் நன்றாக இருந்தால் விலை சொல்லுங்கள், நானே குட்டி யானை பிடித்து வந்து எடுத்துக்கொள்கிறேன்.