பருத்த மரத்தூண் தீயில் உடனே சரிந்துவிடுமா?

"மரத்தூண் வைக்காதீங்க, தீப்பிடித்தால் பத்து நிமிடத்தில் கூரை தலையில் விழும், இரும்புக்குப் பயமே இல்லை" என்று திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது, உப்புவெளியில் விடுதி கட்டுகிறவர்கள்கூட நம்பி அனுப்புகிறார்கள்.

தவறு. மெல்லிய சிலாகையும் பலகையும் சட்டென்று எரியும், அது சரி. ஆனால் பருத்த மரத்தின் மேற்பரப்பு கரியாகி, அந்தக் கரியே உள்ளே சூடு போகாமல் தடுக்கும். பலகைகளை அடுக்கி ஒட்டி உத்தரமாகச் செய்த ஊசியிலை மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் கருகும் என்பது ஐரோப்பிய விதியின் கணக்கு, அதாவது ஒரு மணி நேரத்தில் பக்கத்துக்கு 4 சென்டிமீட்டர், நடுவில் இருக்கும் மரம் சுமையைத் தாங்கிக்கொண்டே நிற்கும். தீத்தடுப்புப் பூச்சில்லாத இரும்போ 600 பாகை செல்சியஸில் பாதி வலுவை இழந்து வளையத் தொடங்கும்.

அதற்காக 4 அங்குல வளையை நட்டுவிட்டு இதுவும் கனமரம்தான் என்று சொல்லாதீர்கள். அமெரிக்கக் கட்டட விதியில் மாடியைத் தாங்கும் தூணுக்குக் குறைந்தது 8 க்கு 8 அங்குலம் (இழைப்பதற்கு முந்தைய அளவு), மாடி உத்தரத்துக்கு 6 க்கு 10. அப்புறம் மூட்டுகளைப் பாருங்கள்: வெளியே தெரியும் இரும்புத் தகடும் போல்ட்டும்தான் முதலில் சூடேறும், அவற்றை மரத்துக்குள் புதைக்கவோ மூடவோ வேண்டும்.