தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தால் போதுமா?

"பாலைநிலத்தில் மணல் நீரை உறிஞ்சிவிடும், தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தால் மலையிடுக்குகளில் வெள்ள அச்சமின்றி நடக்கலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு என்பதோடு, உயிருக்கே ஆபத்தானதும்கூட.

ஆழமான மணல்மேடுகள் நீரை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் பாலை மலைகளின் பெரும்பகுதி வெறும் பாறையும் மெல்லிய மண்ணும் இறுகிய மேற்புறமும் கொண்டது. தடுத்து நிறுத்தச் செடிகொடிகளும் குறைவு என்பதால், பலத்த மழையின் நீர் ஊறுவதற்கு நேரமின்றி வழிந்தோடி, பல கிளை ஓடைகளிலிருந்து ஒரே குறுகிய பிளவுக்குள் வந்து சேர்கிறது. அகலம் சுருங்கச் சுருங்க நீர்மட்டம் உயர்கிறது. இத்தகைய இடுக்குகளில் ஆள் உயரத்துக்கு வெகு மேலே, இரு சுவர்களுக்கிடையே செருகி நிற்கும் மரக்கட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள குறுகிய ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தபோது, அங்கே பெய்தது சொற்ப மழையே. வெள்ளமோ சுமார் 11 கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த இடிமழையிலிருந்து வந்தது. ஜோர்டானின் பழம்பெரும் பாறை நகரான பெட்ராவின் குறுகிய நுழைவழியை வெள்ளத்திலிருந்து காக்க, அந்நகரை அமைத்த நபாட்டியர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அணையும் சுரங்கக் கால்வாயும் அமைத்தார்கள் என்பதையும் நண்பர் கவனிக்கலாம்.

ஆகவே பார்க்க வேண்டியது, அந்த ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்குமான வானிலை முன்னறிவிப்பை. உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, தொலைவில் உறுமல் கேட்டாலோ, வாசலை நோக்கி ஓடாமல் உடனே கிடைக்கும் மேட்டில் ஏறிவிட வேண்டும்.